‘ஆஃப்’பில் வைத்தாலும் சொட்டுகிற டேப்

பழைய வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில் பெட்ரோல் டேப், அதாவது டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் தாத்தா வாங்கிய 1962 மாடல் புல்லட் ரேழியில் நிற்கிறது. இழுத்தால் திறந்து, அழுத்தினால் மூடும் பழைய பித்தளை டேப். மூடித்தான் வைக்கிறோம்; ஆனாலும் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், வீடு முழுக்க வாடை. மெக்கானிக் புது டேப் போடச் சொல்கிறார். பழையதை மாற்ற மனம் வரவில்லை. சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் டேப்பைத் தொடுவதற்கு முன் வண்டியை ரேழியிலிருந்து வெளியே எடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பாமல் தரையோடு ஊர்ந்து தாழ்வான இடம் தேடிப் போகும். ரேழியில் கசிவது கூடத்தைத் தாண்டிப் பூஜையறை விளக்கை எட்ட ஒரு இரவு தேவையில்லை. வேலை முடியும்வரை வண்டி வாசலிலோ கொல்லையிலோ நிற்கட்டும்.

அடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். டேப்பைச் சுற்றித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளையோ திருநீற்றையோ லேசாகத் தூவுங்கள். பெட்ரோல் பட்ட இடம் உடனே கருத்துக் காட்டிக்கொடுக்கும். டேங்கோடு டேப் சேரும் வாஷர் இடத்தில் கருத்தால் குற்றவாளி வாஷர். இழுக்கும் தண்டு வெளியே வரும் இடத்தில் கருத்தால் உள்ளே இருக்கும் கார்க். பெட்ரோல் பைப் நட்டில் கருத்தால் அந்த இணைப்பு மட்டும்தான்.

இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். டேப்பை மூடிவிட்டு, பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, நுனியை ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு ஒரு மணி நேரம் வெளியில் நிறுத்திப் பாருங்கள். பாட்டிலில் பெட்ரோல் சேர்ந்தால் டேப் உள்ளுக்குள் மூடவில்லை. ஒரு இரவில் 50 மி.லி. போகிறது என்றால் மாதத்துக்கு ஒன்றரை லிட்டர். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டேப் மூடாவிட்டாலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட் ஊசி (மிதவையோடு ஏறி இறங்கும் அடைப்பு ஊசி) பெட்ரோலைத் தடுத்து நிறுத்த வேண்டும். பாட்டிலில் சேர்கிறது, மற்ற நாட்களில் கார்புரேட்டரிலிருந்து தரைக்கும் சொட்டுகிறது என்றால், டேப், ஊசி இரண்டுமே பழுது. ஒன்றை மட்டும் பார்த்தால் அரை வேலைதான்.

உங்கள் டேப் கார்க் வைத்த வகை. தண்டின் நுனியில் உருளையாக ஒரு கார்க் இருக்கும். அது துவாரத்தை அடைப்பதுதான் மூடுவது. கார்க் ஈரத்தில் இருக்கும்வரை உப்பி நிற்கும். வண்டியை ஓட்டாமல் விட்டு, டேங்க் காய்ந்தால் கார்க்கும் காய்ந்து சுருங்கிவிடும். ஆறு மாதம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஊற்றிய அன்றே டேப் சொட்டுவது இதனால்தான். சில சமயம் இரண்டொரு நாளில் தானாகவே உப்பிச் சரியாகிவிடும். அதை நம்பி வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.

கழற்றும் முறை: பேட்டரி இருந்தால் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். டேங்கில் இருப்பதை மூடி உள்ள தகர டின்னில் வடித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். பெட்ரோல் பைப் நட்டைத் தளர்த்தும்போது டேப்பின் உடலை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஒரே ஸ்பேனரால் முறுக்கினால், டேங்கின் அடியில் பற்றவைத்திருக்கும் மரைக் கிண்ணமே அசைந்து, அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். பிறகு எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒழுகும். பைப் ரெஞ்ச் பக்கமே போகக் கூடாது. பித்தளை மூலைகள் மழுங்கிவிடும்.

டேப்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். தண்டு முழுதாக வெளியே வந்துவிடாமல் தடுப்பது அதுதான். அதைக் கழற்றிவிட்டு, தண்டை மெல்லத் திருகியபடி இழுத்தால் கார்க்கோடு வரும். கார்க் பொடியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் கொதித்து இறக்கிய வெந்நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள். பெட்ரோல் ஊறிய சாமான் அது. ஊறியபின் கார்க் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருத்திருக்கும்.

அதற்குள் டேப்பின் உள் குழாயைப் பாருங்கள். துவாரங்களின் ஓரத்தில் பிசிறு இருந்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கார்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கும். பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு நெருடினால் தட்டுப்படும். 600 நம்பர் வாட்டர் பேப்பரைக் குச்சியில் சுற்றி ஓரத்தை மட்டும் மழுக்குங்கள். குழாயின் சுவரைத் தேய்க்காதீர்கள். பிறகு கார்க்கில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவி, திருகியபடியே உள்ளே செலுத்துங்கள். எண்ணெய் கசிவை அடைப்பதற்காக அல்ல, சொருகும்போது கார்க் கிழியாமலிருக்க. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் அது சீக்கிரம் கரைந்து போய்விடும்.

கார்க் பொடிந்திருந்தால் புதுக் கார்க் போடலாம். அல்லது லேத் பட்டறையில் தண்டின் நுனியைப் பித்தளையில் கடைந்து, இரண்டு காடி (வளையப் பள்ளம்) வெட்டி, பெட்ரோலைத் தாங்கும் வைட்டான் ரப்பரில் ஓ-ரிங் இரண்டு போட்டுக்கொள்ளலாம். ஓ-ரிங்கின் வெளி விட்டம், காடியில் உட்கார்ந்த நிலையில், குழாயின் உள் விட்டத்தைவிட 0.2 முதல் 0.4 மி.மீ. கூட இருந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் இழுக்கக் கை வலிக்கும்; துவாரத்தின் ஓரத்தில் ரப்பரும் கடிபடும். கும்பகோணத்திலும் நாச்சியார்கோவிலிலும் பித்தளை வேலைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் விளக்கு வார்க்கும் கை வேறு, காடி வெட்டும் கை வேறு. பம்ப்செட்டுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் வேலை பார்க்கும் லேத் பட்டறையைத் தேடிப் போங்கள்.

புது டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைப்பவற்றில் பல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மரை தளர்வாக இருக்கும், கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் கழுத்து விரியும். கையிலிருக்கும் பித்தளை டேப்பின் உடல் நன்றாக இருந்தால் அதைக் கைவிட வேண்டியதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து: என் புல்லட்டில் புது டேப் போட்டார்கள். இறுக்கினால் டேப்பின் கைப்பிடி என்ஜின் பக்கம் திரும்பி நிற்கிறது. நேராக நிறுத்தினால் ஒழுகுகிறது. மரையில் வெள்ளை டெஃப்லான் நாடா சுற்றிக் கொடுத்தார்கள், ஒரு வாரம் தாங்கியது.

வெள்ளை நாடா வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குரியது. அங்கே ஆண் மரை கூம்பாக இருக்கும். இறுக்க இறுக்க மரையே அடைத்துக்கொள்ளும். பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளில் டேப் மரை பொதுவாகக் கால் அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை), அதுவும் நேர் மரை. அது டேப்பைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமே. கசிவைத் தடுப்பது வாஷர். மரையில் சுற்றிய நாடாவின் துணுக்குகள் உள்ளே உதிர்ந்து, ஒருநாள் நடுவழியில் கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும். எம்-சீல், சிலிக்கான் பசை இரண்டும் வேண்டாம். சிலிக்கான் பெட்ரோலில் ஊறிப் பருத்துக் கூழாகிவிடும்.

கைப்பிடி திரும்பி நிற்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த மரையில் அங்குலத்துக்கு 19 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு டேப் 1.34 மி.மீ. உள்ளே போகும். அப்படியானால் கால் சுற்றுக்கு 0.33 மி.மீ., அரைச் சுற்றுக்கு 0.67 மி.மீ. இறுகும்போது கைப்பிடி கால் சுற்று தாண்டிப் போய்விடுகிறது என்றால் 0.33 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள வாஷர் வேண்டும். கால் சுற்று முன்னதாகவே நின்றுவிடுகிறது என்றால் அதே அளவு வாஷரைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஃபைபர் வாஷரைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை. தடிமனைக் கூட்ட, மெல்லிய செம்புத் தகட்டில் வாஷர் வெட்டி, ஃபைபர் வாஷரோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கசியும். ஒரே வாஷராகத் தடிமனானதைத் தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது உலோக வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய வாஷர். ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடைகளில் ‘டவுட்டி வாஷர்’ என்று கேட்டால் கால் அங்குல அளவில் கொடுப்பார்கள். ரப்பர் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாஷர் உட்காரும் இரண்டு முகங்களும் பெயின்ட், பழைய பசை, துரு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

உங்கள் டேங்க் எப்போதாவது மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே புது டேப் வாங்குமுன் பழையதை வெர்னியரில் அளந்து பாருங்கள்: கால் அங்குல பி.எஸ்.பி. ஆண் மரையின் வெளி விட்டம் 13.1 மி.மீ.யை ஒட்டி வரும். 14 மி.மீ. காட்டினால் அது வேறு மரை. கையால் மூன்று சுற்று இலகுவாகப் போகாத டேப்பை ஸ்பேனர் கொண்டு உள்ளே அனுப்பாதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: ஆர்எக்ஸ் 100, 1991 மாடல். டேப் கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தது. ரிப்பேர் கிட் வாங்கி ரப்பரை மாற்றினேன். இப்போது கைப்பிடி கல்லாக இறுகிவிட்டது, கசிவோ நிற்கவில்லை.

இந்த வகை டேப்பில் கார்க் கிடையாது. நான்கு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வில்லை, அதன்மேல் கைப்பிடியின் தட்டையான முகம், அதற்கு மேல் அலை அலையாக வளைந்த ஸ்பிரிங் வாஷர், எல்லாவற்றையும் அமுக்கிப் பிடிக்க இரண்டு சின்ன ஸ்க்ரூவோடு ஒரு தகடு. கைப்பிடியைத் திருப்பினால் அதன் முகத்திலுள்ள பள்ளம், ரப்பரின் எந்த ஓட்டையை வெளிப்போக்கு ஓட்டையோடு இணைக்கிறது என்பதே ஆன், ரிசர்வ், ஆஃப்.

ரப்பரை மட்டும் மாற்றி, கைப்பிடியின் முகத்தைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். முப்பது வருடத் தூசியும் துருத்தூளும் அந்த முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல் போட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இசைத்தட்டு மாதிரி கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் வழியாகத்தான் கசிகிறது. தடித்த கண்ணாடியின்மேல் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு விரித்து, கைப்பிடி முகத்தை எட்டு போடுகிற மாதிரித் தேயுங்கள். இருபது முப்பது தேய்ப்பில் கோடுகள் மறைய ஆரம்பிக்கும். பிறகு 1500 நம்பரில் பத்து. ஒரே விரலால் ஒரு பக்கம் அழுத்தாதீர்கள், முகம் சாய்ந்துவிடும். பள்ளம் ஆழம் குறையும் அளவுக்குத் தேய்க்க வேண்டியிருந்தால் அந்தக் கைப்பிடி முடிந்தது.

கல்லாக இறுகியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கிட்டில் வந்த ரப்பர் பழையதைவிடத் தடிமனாக இருக்கலாம். இரண்டையும் அளந்து பாருங்கள். அல்லது கசிவு நிற்கட்டும் என்று அலை வாஷரை இரண்டாகப் போட்டிருக்கலாம். அமுக்கம் அதிகமானால் ரப்பர் ஓட்டைக்குள் பிதுங்கி, கைப்பிடி திரும்பும்போது கிழியும். ஒன்று போதும். அதன் வளைவு செத்திருந்தால் புதியது போடுங்கள்.

ரப்பர் வில்லையை வைக்கும்போது அதன் ஓட்டைகள் உடலிலுள்ள ஓட்டைகளோடு நேராக இருக்கிறதா என்று குண்டூசி விட்டுப் பாருங்கள். ஒன்று பாதி மறைந்தாலும் வண்டி மூன்றாவது கியரில் இழுக்காது. பழி கார்புரேட்டர் மேல் விழும். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்குங்கள். டேங்கோடு சேரும் இடத்திலுள்ள ஓ-ரிங்கையும் இதே கையோடு மாற்றிவிடுவது நல்லது. ஒருமுறை அமுங்கிப் பழகிய ஓ-ரிங் மறுமுறை பிடிக்காது.

நாகப்பட்டினத்திலிருந்து: ஒரே வருடத்தில் மூன்று டேப் மாற்றிவிட்டேன். இரண்டு மாதம் நன்றாக இருக்கும், பிறகு ஒழுக ஆரம்பிக்கும். அடைப்பும் வருகிறது. கடலோரம் என்பதால்தானா?

ஆம், பெரிய பங்கு அதற்கு உண்டு. ஆனால் கெட்டது டேப் இல்லை, டேங்க். உள்ளே துரு உதிர்கிறது. துருத்தூள் டேப்பின் ரப்பருக்கும் முகத்துக்கும் நடுவே சிக்கி உப்புத்தாள் வேலை செய்கிறது. நான்காவது டேப்புக்கும் இதே கதிதான். பாதி டேங்க் பெட்ரோலோடு ஓடும் வண்டியில் மேல் பாதி எப்போதும் காற்று. உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்து டேங்கின் மேல்புறத்தை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

டேப்பைக் கழற்றி, அதன் வடிகட்டிச் சல்லடையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். செந்தூள் விழுந்தால் சந்தேகமே வேண்டாம். வடித்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிடம் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படலமாக நிற்கும்.

டேங்க் கழுவ வீட்டிலேயே வழி இருக்கிறது. டேங்கை வண்டியிலிருந்து எடுத்து, பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரால் வாடை போகும்வரை அலசுங்கள். டேப்பைப் போட்டபடி கழுவாதீர்கள், அமிலம் துத்தநாக உடலைத் தின்றுவிடும். அந்த ஓட்டைக்குத் தனி அடைப்பு போடுங்கள். கால் அங்குல மரை என்றால் கம்ப்ரெசர் சாமான் விற்கும் கடையில் பித்தளை டம்மி கிடைக்கும். ரப்பர் வாஷரோடு கையிறுக்கமாக மட்டும் போட வேண்டும். இரண்டு ஸ்க்ரூ வகை என்றால் ஒரு அலுமினியத் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டு, நடுவில் ரப்பர் ஷீட் வைத்து மூடலாம்.

லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பதுதான். 10 லிட்டர் டேங்குக்கு ஒரு கிலோ. வெந்நீரில் கரைத்து, கழுத்து வரை ஊற்றி ஒரு இரவு, மோசமாக இருந்தால் ஒரு பகலும் சேர்த்து வையுங்கள். தடித்த துருவைத் தட்டி எடுக்க, முன்னதாகவே ஒரு பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கலாம். நட்டுகளைப் போடுவதாக இருந்தால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். வெளிப் பெயின்டில் அமிலம் வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தடம் விழும்.

கொட்டியதும் லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை. உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் செய்த வேலை அத்தனையும் வீண். மறுநாளே மஞ்சள் பூத்துவிடும். வெயிலில் கவிழ்த்து, ஊதி உலர்த்தி, உலர்ந்த அதே மணி நேரத்தில் 200 மி.லி. பெட்ரோலோடு 50 மி.லி. என்ஜின் ஆயிலைக் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வடித்துவிடுங்கள். காலை வேலை முடித்து மாலை ஆயில் விடலாம் என்று வைக்காதீர்கள்; வெறும் இரும்பு அந்த ஊர்க் காற்றில் அவ்வளவு நேரம் பொறுக்காது.

கழுவியபின் டேங்கின் அடியில் ஊசித்துளை தெரிந்தால், பற்றவைக்கத் தெரு முனை வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெட்ரோல் இருந்த டேங்க் காலியாக இருக்கும்போதுதான் வெடிக்கும். தண்ணீர் நிரப்பி, துளை இருக்கும் இடம் மட்டும் வெளியே நிற்கும்படி வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: எஸ்டி ரோட்கிங். டேப் மூடியிருந்தால் ஒரு சொட்டு இல்லை. திறந்ததும் கார்புரேட்டரின் கீழ்க் குழாயிலிருந்து கொட்டுகிறது. டேப்தான் அதிகமாக விடுகிறது என்கிறார்கள்.

டேப் ‘அதிகமாக விடுவது’ என்று ஒன்று கிடையாது. எவ்வளவு வந்தாலும் நிறுத்துவது ஃப்ளோட் ஊசியின் வேலை. ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டையாகி மூழ்குகிறது. பித்தளை ஃப்ளோட் என்றால் வெந்நீரில் முக்குங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சளசளக்கவில்லை என்றால் ஊசியின் கூம்பு நுனியில் வளையமாகத் தேய்மானம் இருக்கும். ஊசியையும் அதன் இருப்பிடத்தையும் சேர்த்து மாற்றுங்கள், ஊசி மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.

டூ-ஸ்ட்ரோக் வண்டியில் வழிகிற பெட்ரோல் கிராங்க் அறைக்குள்ளும் இறங்கியிருக்கும். அப்படியே உதைத்தால் கிக்கர் எதிர்க்கும். டேப்பை மூடி, சாவியை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பிளக் ஒயரைத் தலைப்பகுதிக்கு எட்டாமல் தள்ளி வைத்து, ஓட்டைமேல் துணி போட்டுப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக உதையுங்கள். துணியில் ஈரம் நின்றதும் காய்ந்த பிளக்கைப் போடலாம். புல்லட் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இதே கோளாறு வந்தால் ஆயிலை மோந்து பாருங்கள்; பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாமலே ஆயிலை மாற்ற வேண்டும்.

திருவையாற்றிலிருந்து: ரிசர்வ் என்பதே வேலை செய்யவில்லை. ஆனில் வண்டி நின்றால் ரிசர்வில் போட்டாலும் சொட்டு பெட்ரோல் இல்லை.

டேங்குக்குள் நிற்கும் சின்னக் குழாய் உடைந்திருக்கிறது, அல்லது கழன்று டேங்கில் கிடக்கிறது. ஆன் நிலையில் பெட்ரோல் அந்தக் குழாயின் உச்சி வழியாக வரும். ரிசர்வில் அடியிலிருக்கும் ஓட்டை வழியாக. குழாய் இல்லாவிட்டால் ஆனிலேயே கடைசிச் சொட்டு வரை குடித்துவிடும். டேப்பைக் கழற்றி அதே விட்டமுள்ள பித்தளைக் குழாயை ஈயம் வைத்துப் பொருத்தலாம். உயரம் ஒவ்வொரு டேங்குக்கும் மாறும்: டேங்கைக் காலியாக்கி ஒரு லிட்டர் ஊற்றி, டேப் ஓட்டையருகே பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மூங்கில் குச்சி விட்டு அளந்துகொண்டால் ஒரு லிட்டர் ரிசர்வுக்கான உயரம் அதுதான்.

மன்னார்குடியிலிருந்து: எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின்தான் டேப்புகள் கெடுகின்றன என்கிறார்களே, உண்மையா? மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுடைய பழைய வண்டி வருடத்தில் பத்து மாதம் நிற்கிறது.

பாதி உண்மை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. இன்று பெரும்பாலும் கிடைப்பது அதுதான். 1960, 70களின் கார்க்கும் அதை ஒட்டிய அரக்கும், அந்தக் கால ரப்பரும் எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அரக்கு எத்தனாலில் கரையும். ரப்பர் முதலில் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். நைட்ரைல் ரப்பர் ஓரளவு தாங்கும், வைட்டான் நன்றாகத் தாங்கும். ஆகவே டேப்பைப் பிரிக்கும்போதெல்லாம் ஓ-ரிங்கை வைட்டானாக மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான், மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருந்தால் உள்பூச்சு வைட்டான் வகை. மஞ்சளாகிக் கட்டையாகிப் போகும் கண்ணாடி பிளாஸ்டிக் டியூப் மலிவுதான், சூட்டில் நழுவி விழுவதும் அதுதான்.

நிற்கும் வண்டிக்கு எத்தனாலைவிட அது இழுத்து வைக்கும் ஈரம்தான் எதிரி. காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அடியில் இருப்பது டேப். பத்து மாதம் நிற்கும் வண்டி என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் முழுக்க வடித்து, உள்ளே ஆயில் பூசி, மூடிவிடுங்கள். கார்க் டேப் என்றால் காய்ந்து சுருங்கத்தான் செய்யும். மகன் வருவதற்கு முதல்நாள் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துப் பூட்டிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்குள் எடுத்து ஓட்டுவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வைப்பதே மேல்.

பாபநாசத்திலிருந்து: வயலுக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் டேப் வீட்டில் சும்மா கிடக்கிறது. வண்டிக்குப் போடலாமா?

மரை பொருந்தினாலும் வேண்டாம். அதன் துவாரம் சின்ன என்ஜினுக்கு உரியது, ரிசர்வும் கிடையாது. எந்த டேப்பாக இருந்தாலும் ஒரு சோதனை போடுங்கள்: பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, டேங்கின் மூடியைத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடியுங்கள். 350 சிசி வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. மட்டும் கொடுக்கும்படி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் விரட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 100 மி.லி. கேட்கும். டேப் அதில் இரண்டு மடங்காவது, அதாவது 200 மி.லி. விட வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து: டேப், ஹோஸ், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது.

நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அறுவடை மாதத்தில் வைக்கோல் தூசியும், அதன்மேல் போட்ட பாலிஷும் சேர்ந்து அடைப்பது வழக்கம். மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவினால் போதும். இதே துளை அடைத்த வண்டி சித்திரை வெயிலில் நின்றால் டேங்கில் அழுத்தம் ஏறி, நல்ல டேப்பும் ஒழுகும்.

வேதாரண்யத்திலிருந்து: நடுவழியில் ஒழுக ஆரம்பித்தால் வீடு வந்து சேர என்ன செய்வது?

வாஷர் இடத்திலோ டேங்கின் விளிம்பிலோ கசிவு என்றால் துணி துவைக்கும் கட்டி சோப்பைத் தண்ணீர் தொடாமல் பிசைந்து இறுக்கி அப்புங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, ஒரு மணி நேரமாவது தாங்கும். மழையில் தாங்காது. கைப்பிடி வழியாகக் கசிந்தால் சோப்பு உதவாது. ஆன், ரிசர்வ் இரண்டில் எதில் குறைவாகச் சொட்டுகிறதோ அதில் வைத்து, சொட்டுவது என்ஜினின் குளிர்விப்புத் தகடுகளிலோ சைலன்சரிலோ விழவில்லை என்று உறுதி செய்தபின் மட்டும் ஓட்டலாம். விழுகிறது என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.